கற்கோடரியும் எஃகுக்கோடரியும்

நுழையும்முன்

ஒரு சமூகத்தின் கருவிகளில் அதன் உறவுமுறையும் நம்பிக்கையும் பொதிந்துள்ளன. அக்கருவிகளுள் ஒன்று மாறினால் அச்சமூகத்தில் நிகழ்வது யாது? ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் வாழ்வியல்வழி இதனை அறிவோம்.

ஆஸ்திரேலியாவின் வடகிழக்கில் நீண்டு கிடப்பது கேப் யார்க் தீபகற்பம். அதன் மேற்குக் கடற்கரைப் பகுதியில் வேட்டையாடியும் மீன்பிடித்தும் வாழ்ந்தவர்கள் யிர் யோரோண்ட் மக்கள். அமெரிக்க மானிடவியல் அறிஞர் லாரிஸ்டன் ஷார்ப் 1933 முதல் 1935 வரை அவர்களிடையே ஆய்வு மேற்கொண்டார். கோடரி குறித்த தம் கட்டுரையை 1952இல் வெளியிட்டார்.

கோடரியும் உறவும்

அம்மக்களின் நிலப்பகுதியில் கோடரிக்கேற்ற கல் இல்லை. தெற்கே ஏறத்தாழ 400 மைல் தொலைவிலிருந்து அது பலர் கைமாறி வந்தது. ஈடாக, திருக்கைமீனின் முள் பொருத்திய ஈட்டிகள் தெற்கே சென்றன. மழையற்ற பருவத்தில் நிகழ்ந்த விழாக்களில் பண்டமாற்றுச் செய்வோர் ஒன்றுகூடினர்.

கோடரியைச் செய்வதும் உடைமையாகக் கொள்வதும் ஆண்களுக்கே உரியவை. ஆனால், அதனை மிகுதியாகப் பயன்படுத்தியோர் பெண்களே. விறகு வெட்ட விரும்பும் மனைவி, கணவனிடம் கோடரியை இரவல் பெற்று, வேலை முடிந்ததும் திருப்பித் தருவாள். இளையோரும் மூத்தோரிடமே கேட்டுப் பெற்றனர். நாள்தோறும் நிகழ்ந்த இவ்விரவல், குடும்பத்தில் அவரவர்க்குரிய இடத்தை உறுதிசெய்தது.

ஒவ்வொரு பொருளும் தொல்முன்னோர் காலத்திலேயே ஏதேனுமொரு குலத்திற்கு உரியதாயிற்று என்பது அவர்தம் நம்பிக்கை. கற்கோடரிக்கும் உரிய குலமும் தொல்கதையும் இருந்தன.

எஃகின் வருகை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அருகில் அமைந்த கிறித்தவச் சமயப்பணி நிலையத்தினர், எஃகுக்கோடரிகளைப் பரிசாகவும் உழைப்பிற்கு ஈடாகவும் வழங்கினர். அவர்களது நோக்கம் மக்களின் உழைப்பை எளிதாக்குவதே. பெண்களும் இளைஞர்களும் அவற்றைப் பெற்றனர். வெள்ளையரை ஐயுற்று விலகி நின்ற மூத்தோர்க்கு அவை கிட்டவில்லை.

இதனால் முறை தலைகீழாயிற்று. முன்பு இரவல் கொடுத்த முதியவர், இப்போது மனைவியிடமும் இளைஞரிடமும் கோடரி கேட்டு நின்றார். கல்லுக்காகத் தொலைவிலுள்ளோரை நாடும் தேவை குறைந்தது. விழாக்களின் மீதிருந்த ஈடுபாடும் குன்றியது.

ஐயத்தின் பிறப்பு

எஃகுக்கோடரி எக்குலத்திற்கு உரியது? தொல்கதைகளில் இதற்கு விடையில்லை. ஒரு பொருளின் பிறப்பை விளக்க இயலாத கதைகள் ஏனையவற்றைப் பற்றிக் கூறுவன மட்டும் மெய்யாகுமா என்னும் ஐயம் எழுந்தது. கூரிய கருவியால் மிஞ்சிய நேரம் புதிய ஆக்கத்திற்குப் பயன்படவில்லை. பெரும்பாலும் உறக்கத்திற்கே சென்றது என்கிறார் ஷார்ப்.

இம்மாற்றத்தை இழப்பு என்று மட்டும் முடிவுகட்டலாகாது. முதியவருக்குத் தாழ்வாகத் தோன்றியது, கேட்டுப் பெற்றே பழகிய பெண்ணுக்கு விடுதலையாகத் தோன்றியிருக்கலாம். எனினும், பழைய முறை தளர்ந்தபோது அதன் இடத்தை நிரப்பப் புதிய முறை உருவாகவில்லை. இதுவே துயரத்தின் வேர். கொடுத்தவர்கள் கோடரியை அறிந்திருந்தனர். அது நுழையவிருந்த வாழ்வை அறிந்திலர். பிறர்க்கு நன்மை செய்ய முனைவோர் முதலில் அவர்தம் வாழ்வைக் கற்றல் வேண்டும்.

யிர் யோரோண்ட் மக்களின் வழித்தோன்றல்கள் இன்றும் கோவன்யாமா, போர்ம்புராவ் ஆகிய ஊர்களில் வாழ்கின்றனர்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் இல்லத்தில் வழக்கொழிந்த கருவி ஒன்றைப் பற்றி மூத்தோரிடம் கேட்டறிக. அதனோடு மறைந்த பழக்கங்களையும் சொற்களையும் தொகுத்து எழுதுக.
2. ‘எஃகுக்கோடரியின் வருகை நன்மையே’ – முதியவர், இளம்பெண் ஆகிய இருவர் நிலையிலிருந்தும் வகுப்பில் உரையாடுக.