மேல்காற்றுக்கு எதிரே ஒரு தானியங்கித் திரை

கேள்வி: தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையில், மேலகரத்தில் எங்கள் வீடு. மாடி அறையில் மேற்குப் பார்த்த ஜன்னல். அகலமும் உயரமும் ஐந்தடி. பாலிடெக்னிக் கடைசி வருடம் படிக்கும் மகள், வெயில் அடித்தால் தானே இறங்கி, மேகம் மூடினால் தானே ஏறிக்கொள்ளும் ரோலர் பிளைண்டைப் புராஜெக்டாகச் செய்யப்போகிறாள். வெளிச்சத்தை உணர எல்டிஆர் போதும் என்கிறார் ஒருவர்; சரிப்படாது என்கிறார் இன்னொருவர். மோட்டார் சர்வோவா, ஸ்டெப்பரா? போர்டு ஆர்டுயினோவா, இஎஸ்பி32-ஆ? எதை வாங்கச் சொல்வது?
– ஒரு வாசகர், மேலகரம்

பதில்: போர்டைக் கடைசியாக வாங்கச் சொல்லுங்கள். முதலில் வேண்டியது ஒரு தராசு. துணியையும் அடியில் கோக்கும் கம்பியையும் சேர்த்து நிறுத்துப் பார்க்கட்டும். ஐந்தடிக்கு 2 கிலோ வருகிறது என்று வைத்துக்கொள்வோம். துணி சுற்றும் குழாய் 38 மில்லிமீட்டர் விட்டம் என்றால் ஆரம் 1.9 சென்டிமீட்டர். இரண்டையும் பெருக்கினால் 3.8 கிலோ-சென்டிமீட்டர். உராய்வுக்காக அதை இரட்டித்தால் 8-ஐத் தொடும். துணிக்குப் பதில் மூங்கில் தட்டி போடும் ஆசை இருந்தால் இன்னும் ஏற்றிக்கொள்ளுங்கள். சாரலில் நனைந்த தட்டியின் கனம் வேறு. 15-க்குக் குறையாத மோட்டாராகப் பாருங்கள்.

இந்தக் கணக்கிலேயே பாதிப் பொருள்கள் கழிந்துவிடும். புராஜெக்ட் கிட்டுகளில் வரும் சின்ன ஸ்டெப்பர் 28பிஒய்ஜே-48 இழுப்பது ஒரு கிலோ-சென்டிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான். பலகை பலகையாக இருக்கும் வெனிஷியன் பிளைண்டில் பலகைகளைச் சாய்க்க அது போதும், சுருட்ட முடியாது. சாதாரண சர்வோவோ அரைச் சுற்றுக்கு மேல் சுற்றாது. உங்கள் திரை முழுக்க ஏற, குழாய் பன்னிரண்டு, பதின்மூன்று சுற்று சுற்றியாக வேண்டும். நெமா 17 ஸ்டெப்பர் பலசாலிதான்; ஆனால் திரையைப் பாதியில் நிறுத்திவைக்க அதற்கு விடாமல் கரண்ட் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். மோட்டார் சுடும். கரண்ட் போனால் திரை சரியும்.

என் ஓட்டு, வார்ம் கியர் வைத்த 12 வோல்ட் டிசி மோட்டாருக்கு. கிட்டாரில் தந்தியை முறுக்கும் திருகைப் பார்த்திருப்பீர்கள். திருகைத் திருப்பினால் தந்தி இறுகும். தந்தி எவ்வளவு இழுத்தாலும் திருகு திரும்பாது. அதே அமைப்புதான். திரை எங்கே நின்றதோ அங்கேயே நிற்கும், மின்சாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். நிமிடத்துக்கு 20 சுற்று வேகம் கொண்டதாக வாங்கினால் ஐந்தடித் திரை நாற்பது விநாடிக்குள் ஏறிவிடும்.

மோட்டாரை இருபுறமும் ஓட்ட எல்298என் போர்டு எல்லோரும் சொல்வது. அது இரண்டு வோல்ட் அளவுக்குத் தானே விழுங்கிவிட்டுச் சூடாகும். இரண்டு ரிலே போதும். மேலும் கீழும் ஒவ்வொரு லிமிட் சுவிட்ச். இங்கேதான் மகள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். சுவிட்சை ஆர்டுயினோவுக்குக் கொண்டுபோகாமல், மோட்டாருக்குப் போகும் ஒயரிலேயே கோத்துவிட்டு, ஒவ்வொரு சுவிட்சுக்கும் குறுக்கே ஒரு 1என்5408 டையோடு போடச் சொல்லுங்கள். திரை உச்சிக்குப் போனதும் சுவிட்ச் தானே கரண்டைத் துண்டிக்கும்; எதிர்த்திசைக் கரண்டுக்கு டையோடு வழிவிடும். புரோகிராம் உறைந்து நின்றாலும் குழாய் பிய்ந்து வராது. சுற்றுகளை எண்ணும் வேலையும் மிச்சம். ஏற்று என்றால் ஐம்பது விநாடி ஓட்டு, அவ்வளவுதான். கரண்ட் போய் வந்தால் முதல் வேலையாகத் திரையை மேலே ஏற்றிவிட்டால் கணக்கு மறுபடி சரியாகிவிடும்.

இனி எல்டிஆர். ஐந்து பத்து ரூபாய்ப் பொருள் என்று தள்ள வேண்டாம். குற்றம் அதில் இல்லை, கூடவே போடும் 10 கிலோ ஓம் ரெசிஸ்டரில்தான். சர்க்யூட் படங்களில் எல்லாம் அந்த அளவுதான் இருக்கும், மாலை மங்கியதும் விளக்கைப் போட அது பொருத்தம். உங்களுக்கு வேண்டியது மேகமூட்டத்தையும் நேர் வெயிலையும் பிரித்தறிவது. இரண்டிலுமே எல்டிஆரின் தடை நூறு ஓமுக்குக் கீழே போய்விடுவதால், 1023 வரை காட்டும் ஆர்டுயினோ 1015, 1020 என்று ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். ரெசிஸ்டரை 220 ஓமாக மாற்றினால் இரண்டும் 750-க்கும் 900-க்குமாகப் பிரிந்து நிற்கும். லக்ஸ் கணக்கிலேயே பேச வேண்டும் என்றால் பிஎச்1750 சென்சார் நல்லது. சாதாரண அமைப்பில் அது 54,600 லக்ஸோடு நின்றுவிடும், உச்சி வெயில் ஒரு லட்சத்தைத் தாண்டும். ஆனாலும் திரையை இறக்கும் முடிவுக்கு அதற்கு மேல் அளக்கத் தேவையே இல்லை.

சென்சார் கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவில், வெளியே பார்த்தபடி இருக்கட்டும். நான் முதலில் செய்ததில் அதை அறைக்குள் மேசைமேல் வைத்தேன். திரை இறங்கியது, அறை இருண்டது. இருண்டதும் திரை ஏறியது. ஏறியதும் வெளிச்சம், மறுபடி இறங்கியது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் மோட்டாரில் கை வைக்க முடியவில்லை.

சென்சாரைச் சரியாக வைத்தாலும் உங்கள் ஊர் சும்மா விடாது. சீசனில் பத்து நிமிடத்துக்குள் சாரல், வெயில், மறுபடி சாரல். காக்காவுக்கும் நரிக்கும் கல்யாணம் நாளுக்கு நாலு தடவை நடக்கும். ஒரே அளவை வைத்து ஏற்றி இறக்கினால் திரை ஊஞ்சலாடும். 20,000 லக்ஸுக்கு மேல் மூன்று நிமிடம் தொடர்ந்தால் இறக்கு. 8,000-க்குக் கீழே கால் மணி நேரம் தங்கினால் ஏற்று. இந்த எண்கள் என் கைக்கணக்கு; ஒரு வாரம் அளந்து பார்த்துவிட்டு மகளே திருத்திக்கொள்ளட்டும். சாயங்காலத்துக்கென்று கடிகார மாட்யூல் வேண்டாம். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியதும் வெளிச்சம் சட்டென்று விழும். அதைச் சென்சாரே பார்த்துக்கொள்ளும்.

வெளிச்சத்தைவிடப் பெரிய எதிரி காற்று. ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஜூனில் இறங்கும் மேல்காற்று நேராக வந்து மோதுவது உங்கள் மேற்கு ஜன்னலில்தான். சுரண்டைப் பக்கம் காற்றாலை சுற்றுவதும் அதே காற்றில். ஜன்னல் திறந்திருக்கும்போது திரை இறங்கினால் பாய்மரமாகிவிடும். கதவில் ஒரு காந்தம், சட்டத்தில் ஒரு ரீட் சுவிட்ச். கதவு திறந்திருந்தால் இறங்காதே என்று புரோகிராமில் ஒரு வரி. பக்கத்துக்கு ஒரு மெல்லிய கம்பி கட்டி அடிக்கம்பியை அதில் ஓடவிட்டால் இன்னும் நல்லது.

ஈரத்துக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள். பிரெட்போர்டில் செருகிய ஒயர்களை அப்படியே விட்டால் ஒரு சீசனில் பச்சை பூத்துவிடும். பற்றவைத்து, மேலே வார்னிஷ் பூசச் சொல்லுங்கள். சென்சாரின் முகத்தில் மட்டும் படக்கூடாது. துணி பாலியெஸ்டராக இருக்கட்டும், பருத்தி பூசணம் பிடிக்கும்.

போர்டா? ஆர்டுயினோ நானோ தாராளம். செல்போனில் காட்டினால்தான் மார்க் என்று கல்லூரியில் சொன்னால் இஎஸ்பி32. அதன் கால்கள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். 12 வோல்ட் அடாப்டர் 3 ஆம்பியராவது இருக்கட்டும்; போர்டுக்கு 5 வோல்ட்டை ஒரு பக் கன்வெர்ட்டர் வழியாக எடுங்கள்.

கடைசியாக ஒரு மூன்று நிலை சுவிட்ச்: ஏற்று, தானாக, இறக்கு. அதைச் சுவரில், வீட்டில் வயதானவர்கள் யாரும் இருந்தால் அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள்.