குற்றாலத்தில் மனை விற்கப் போகிறீர்களா?

தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் மனைத் தொழிலுக்கு வருகிற இளைஞர்களுக்குப் பேச்சுத் திறமை போகப்போக வந்துவிடும். முதலில் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்று படியுங்கள். சாரல் சீசனில் வந்து இறங்குகிறவர் மலையைப் பார்த்தே பாதி மயங்கியிருப்பார். மீதியையும் நீங்கள் மயக்க வேண்டாம்.

தரகு வேலைக்கு ரேரா என்கிற மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு கட்டாயம். பதிவாக வேண்டிய லே-அவுட் பதிவாகாமல் இருந்தால், அதில் மனை விற்றுக் கொடுத்த தரகருக்கு நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம். மனை விலையில் 5 சதவீதம் வரை அது ஏறலாம். கமிஷனை விட அபராதம் பெரிதாகிவிடும்.

அடுத்தது ஓடை. பட்டாவும் வில்லங்கச் சான்றும் சுத்தமாக இருந்தாலே போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. புலப்படம், கிராம வரைபடம், 'அ' பதிவேடு மூன்றையும் எடுங்கள். முடிந்தால் யு.டி.ஆர். என்கிற நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய பழைய பதிவேட்டின் நகலையும் வாங்குங்கள். இன்று புஞ்சை என்று இருக்கும் சர்வே எண் அன்று ஓடைப் புறம்போக்காக இருந்திருந்தால், பட்டா என்றைக்கு வேண்டுமானாலும் ரத்தாகலாம். பிறகு இடத்துக்கு நடந்து போங்கள். பங்குனி சித்திரையில் ஓடை வெறும் வண்டிப்பாதை மாதிரிக் கிடக்கும். பக்கத்து வயல்காரரிடம், ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் எதுவரை ஏறும் என்று கேளுங்கள். எந்த வரைபடத்திலும் இல்லாத பதில் அவரிடம் இருக்கும். சீசன் இல்லாத மாதத்தையும் நம்ப முடியாது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்து 17 வயது மாணவர் ஒருவரை அடித்துச் சென்றது.

'எங்கள் இடத்துக்குள்ளேயே அருவி' என்று யாராவது விளம்பரம் எழுதச் சொன்னால் ஒதுங்கிவிடுங்கள். நீரோடையைத் திருப்பிச் செயற்கை அருவி உண்டாக்கிய தனியார் ரிசார்ட்டுகளை மூடும்படி 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. இந்த ஓடைகள் சிற்றாற்றுக்கும் வழியிலுள்ள குளங்களுக்கும் போகிறவை. மறித்தால் கீழே பாசனக்காரர்கள் சும்மா இருக்க மாட்டார்கள்.

மலையடிவாரக் கிராமம் என்றால் இன்னும் இரண்டு பட்டியல்களைப் பார்க்க வேண்டும். 'ஹாகா' என்கிற மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் அந்த வருவாய்க் கிராமம் இருந்தால் மனைப்பிரிவுக்கு அதன் ஒப்புதலும் தேவை. இரண்டாவது, மேற்குத் தொடர்ச்சி மலை சூழல் உணர்திறன் பகுதிக்காக மத்திய அரசு 2024 ஜூலை 31இல் வெளியிட்ட வரைவு. தமிழ்நாட்டில் 6,914 சதுர கிலோமீட்டர் அதில் வருகிறது. அதைக் காட்டி 'இனி வீடே கட்ட முடியாது' என்று பயமுறுத்தி நிலத்தை அடிமாட்டு விலைக்குக் கேட்பவர்களும் உண்டு. வரைவு தடுப்பது 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள புதிய கட்டுமானங்களையும் பெரிய நகரியங்களையும்தான். தனி வீட்டை அல்ல. விற்கிறவருக்கு இதைச் சொல்வதும் உங்கள் வேலைதான்.

பார்த்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதி, அட்வான்ஸ் கைமாறுவதற்கு முன்பே வாங்குகிறவரிடம் கொடுத்துவிடுங்கள். சில பேரம் முறியும், முறியட்டும். கைவசம் இருக்கும் மனைகளின் புலப்படங்களை இந்த வாரமே எடுத்துப் பாருங்கள்.