வேலியைப் பிடுங்கிய மனிதர்

அன்புள்ள நிலாவுக்கு,

"பணம் இருந்தது, காட்டுக்குக் கொடுத்தார். இதற்காக ஒருவரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுமா, மாமா?" என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்வி. டக்ளஸ் டாம்ப்கின்ஸைப் பற்றிச் சொல்கிறேன், பிறகு நீயே முடிவு செய்.

1943-இல் பிறந்த அமெரிக்கர். பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காதவர். மலையேறுபவர்களுக்கான 'தி நார்த் ஃபேஸ்' நிறுவனம் அவர் தொடங்கியதுதான். 'எஸ்ப்ரி' ஆடை நிறுவனத்தை முதல் மனைவியோடு சேர்ந்து வளர்த்தார். ஐம்பது வயதை நெருங்கும்போது தம் பங்கை விற்றுவிட்டு, சிலி நாட்டின் தெற்கே போய்க் குடியேறினார். மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடிய அலெர்சே மரங்கள் நிற்கும் மழைக்காடு அது. துண்டு துண்டாக அந்த நிலத்தை வாங்கத் தொடங்கினார்.

ஊர் சும்மா இருக்குமா? கடற்கரையிலிருந்து அர்ஜென்டினா எல்லை வரை ஒரே வெளிநாட்டுக்காரர் கையில் என்றதும், நாட்டையே இரண்டாக வெட்டப் பார்க்கிறார் என்று பேச்சு கிளம்பியது. அப்படிச் சந்தேகப்பட்டவர்களை நான் குறை சொல்லமாட்டேன். நம் ஊர் ஆற்றங்கரையை ஒருவர் வளைத்துப் போட்டால் நாமும் கேட்போம், கேட்கத்தான் வேண்டும். தேசியப் பூங்காவாக்கி நாட்டுக்கே திருப்பித் தருவேன் என்று அவர் சொன்னதைப் பலர் நம்பவில்லை.

அதே தெற்குச் சிலியில் உள்ள சகாபுகோ பள்ளத்தாக்கைப் பற்றி நீ அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். சுமார் 25,000 ஆடுகள் மேய்ந்து புல்வெளி தேய்ந்துபோயிருந்த பெரிய பண்ணை. 2004-இல் அவரும் இரண்டாவது மனைவி கிறிஸும் அதை வாங்கினார்கள். ஆடுகளை விற்றார்கள். அடுத்த வேலை வேலிதான். தன்னார்வலர்கள் வந்து கம்பியை அறுத்து, சுருட்டி, கம்பங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்கள். ஒட்டக இனத்தைச் சேர்ந்த குவானாகோ அந்த வேலியை எளிதில் தாண்டிவிடும். அதன் குட்டியால் முடியாது, கம்பியில் சிக்கிச் செத்துப்போகும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வேலி போனபின் புல் தழைத்தது, குவானாகோ மந்தைகள் பெருகின. பண்ணையில் வேலை பார்த்தவர்களில் சிலர் பூங்காக் காவலர்களானார்கள்.

2015 டிசம்பரில் ஜெனரல் கரேரா ஏரியில் அவருடைய கயாக் படகு கவிழ்ந்தது. உறையவைக்கும் நீரில் உடல் வெப்பம் இழந்து, 72 வயதில் இறந்தார். அவரை அடக்கம் செய்ததும் சகாபுகோவில்தான்.

அவர் சொன்ன சொல்லைக் கிறிஸ் நிறைவேற்றினார். 2018 ஜனவரியில் அப்போதைய சிலி அதிபர் மிச்செல் பச்செலெட்டுடன் தேசியப் பூங்காக்களை உருவாக்கும் ஆணையில் கையெழுத்திட்டார். அவர்கள் கொடுத்தது சுமார் 10 லட்சம் ஏக்கர். அரசு தன் பங்காகச் சுமார் 90 லட்சம் ஏக்கர் சேர்த்தது. ஒரு காலத்தில் அவரைச் சந்தேகித்த நாடு, அவர் முதலில் வாங்கிய மழைக்காடு இருக்கும் பூமாலின் தேசியப் பூங்காவுக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறது.

அவரிடம் பணம் இருந்தது என்பது உண்மைதான். ஆனால் இருபது ஆண்டுக்கு மேல் ஏச்சு வாங்கிக்கொண்டு, நிலத்தைப் பழுது பார்த்து, பிறகு அதன் உரிமையையும் விட்டுக்கொடுக்க எத்தனை பேருக்கு மனம் வரும்? இனி எந்த நன்கொடையாளரைப் பற்றிப் படித்தாலும் தொகையோடு நின்றுவிடாதே, நிலா. கொடுத்தபின் அந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று தேடிப் பார்.

அன்புடன்,
மாமா