சாட்டிக் கிணற்றடி

தொண்டு செய்ய ஓர் ஊருக்குப் போகிறவர் முதலில் பழக வேண்டிய இடம் கிணற்றடி. 1990இல் தீவகத்தை விட்டு இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பங்களுக்கு இது தெரியும்; அங்கே பிறக்காத பிள்ளைகளுக்குத் தெரியாது.

சாட்டியில் தங்கிய முதல் நாள் வாளி வாளியாக அள்ளி ஊற்றிக் குளித்தேன். பக்கத்தில் நின்ற ஆச்சி, "சுவாமி, பாத்து அள்ளுங்கோ, பின்னேரத்துக்கும் வேணும்" என்றார். வெட்கமாய்ப் போயிற்று.

தீவில் ஆறில்லை. மாரி மழை மணலிலும் சுண்ணாம்புக்கல்லிலும் இறங்கி, கனமான கடல்நீரின் மேல் நன்னீர்ப் படையாக மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நிற்கும் என்பது பொதுக் கணக்கு. மேலே 1 அடி இறங்கினால், காலப்போக்கில் உவர் அதே 40 அடி ஏறும். இயந்திரத்தால் ஒரே மூச்சில் இறைப்பது இதனால்தான் ஆபத்து. துலாவை மெதுவென்று நாம் கைவிட்டோம். கிணறு ஊற அது நேரம் விட்டது.

குடிப்பதற்குக் கொதித்தாறிய நீர், குளித்த நீர் வாழைக்கு என்று நானும் பழகிக்கொண்டேன். மலசலகூடக் குழி மட்டும் பழக்கத்தால் தீராது. சுண்ணாம்புக்கல் வெடிப்புகள் அழுக்கை வடிக்காமலே கிணற்றுக்குக் கொண்டுபோகும். திரும்பிக் குடியேறுவோர், வீட்டுக்கு அத்திவாரம் வெட்டுமுன் கிணற்றுக்கு எட்ட அந்தக் குழிக்கு இடம் பாருங்கள். அயலவர் கிணற்றையும் சேர்த்து அளவுங்கள்.