தீர்ப்பு முடிந்த வழக்கில் தண்டம் விதிக்கலாமா?

கேள்வி: கற்பிட்டிப் பக்கத்தில், கடலுக்கும் களப்புக்கும் இடைப்பட்ட தென்னந்தோட்டம் ஒன்றின் ஊடாகக் கரைவலைப் பாட்டுக்குச் செல்லும் வழி பற்றிய வழக்கில் தோற்ற வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். மாவட்ட நீதிமன்றத்தின் தீர்ப்பு வெளிவந்து, மேன்முறையீட்டுக் காலமும் கடந்து ஈராண்டாகிய நிலையில், வென்றவர் அதே வழக்கிலக்கத்தில் மனுவொன்று போட்டிருக்கிறார். விசாரணையின்போது பொய்ச் சத்தியக்கடதாசி கொடுத்ததற்காகத் தண்டமும் மேலதிக வழக்குச் செலவும் விதிக்கப்பட வேண்டும் என்றும், தீர்ப்புக்குப் பின் வழியை மறித்து முட்கம்பி வேலி அடித்ததற்காகத் தண்டனை வழங்கப்பட வேண்டும் என்றும் அவர் கேட்கிறார். முடிந்துபோன வழக்கில் இதற்கு அதிகாரம் உண்டா என்பதே வாசகரின் ஐயம்.

பதில்: அந்த மனுவில் இரண்டு வேறு சங்கதிகள் ஒரே கயிற்றில் கட்டப்பட்டுள்ளன. சத்தியக்கடதாசி தீர்ப்புக்கு முந்தியது, வேலி தீர்ப்புக்குப் பிந்தியது; நீதிமன்றத்தின் அதிகாரம் எதுவரை செல்லும் என்பது பெரும்பாலும் இந்த முன்பின்னிலேயே தங்கியிருக்கிறது.

திறந்த மன்றில் தீர்ப்பு வழங்கப்பட்டதும், தீர்க்கப்பட்ட விடயத்தைப் பொறுத்தவரை அந்த நீதிமன்றத்தின் பணி முடிந்துவிடுகிறது. 'ஃபங்டஸ் ஒஃபிசியோ', அதாவது கடமையை ஆற்றி முடித்தவர், என்னும் இலத்தீன் தொடரால் சட்டத்துறையினர் சுட்டுவது இந்த நிலையையே. தீர்ப்பில் பிழை இருப்பதாகக் கருதுபவர் 14 நாட்களுக்குள் மேன்முறையீட்டு அறிவித்தலும் 60 நாட்களுக்குள் மேன்முறையீட்டு மனுவும் கொடுத்து, வடமேல் மாகாணமாயின் குருநாகலில் உள்ள குடியியல் மேன்முறையீட்டு மேல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டுமேயன்றி, தீர்ப்பளித்த நீதிபதியிடமே திரும்பி வர இயலாது. நாட்டின் அதியுயர் மன்றமான உயர் நீதிமன்றம்கூட, 1984இல் அறிக்கையிடப்பட்ட கணேசானந்தம் எதிர் விவியன் குணவர்தன வழக்கில், கவனப்பிசகால் நேர்ந்த தவறு போன்ற மிகக் குறுகிய சந்தர்ப்பங்களில் தவிர, தன் இறுதி முடிவைத் தானே மீளாய்வு செய்யும் அதிகாரம் தனக்கில்லை என்று கூறியிருக்க, சட்டத்தால் ஆக்கப்பட்டு அச்சட்டம் கொடுத்த அளவுக்கே அதிகாரம் கொண்ட மாவட்ட நீதிமன்றத்தின் எல்லை இன்னும் ஒடுங்கியது என்பதில் ஐயமில்லை.

விதிவிலக்குகளைச் சட்டமே வகுத்துள்ளது. குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 189ஆம் பிரிவு, எழுத்துப் பிழை, கணக்குப் பிழை, தற்செயலாக விடுபட்டவை ஆகியவற்றை, தரப்பினருக்கு அறிவித்தல் கொடுத்து, எக்காலத்திலும் திருத்த இடமளிக்கிறது. தீர்ப்பில் 15 பேர்ச் என்றிருந்து, டிக்கிரியில், அதாவது தீர்ப்பின் முடிவைப் பதிந்த முறைசார் கட்டளையில், 51 பேர்ச் என்று தட்டச்சாகியிருந்தால் இலக்கத்தைச் சரிசெய்யலாம். தீர்ப்பில் வழக்குச் செலவு கொடுக்கப்பட்டு டிக்கிரியில் அது விடுபட்டிருந்தாலும் சேர்க்கலாம். தீர்ப்பே செலவைப் பற்றி வாய் திறக்காதபோது, ஈராண்டு கழித்து அதை உள்ளே செருகுவது திருத்தம் ஆகாது, புதிய தீர்ப்பாகிவிடும். ஒருதலைப்பட்ச டிக்கிரியை, அது சேர்ப்பிக்கப்பட்டு 14 நாட்களுக்குள் எதிராளி காரணம் காட்டி நீக்குவிக்கலாம் என்ற 86ஆம் பிரிவின் வழி இவ்வழக்குக்குப் பொருந்தாது.

இத்தகைய மனுக்களில் வழக்கமாக இழுத்துவரப்படுவது 839ஆம் பிரிவு. நீதியின் பொருட்டும் நீதிமன்ற நடைமுறை துர்ப்பிரயோகம் செய்யப்படுவதைத் தடுப்பதற்கும் தேவையான கட்டளைகளை ஆக்கும் உள்ளார்ந்த அதிகாரத்தைக் காப்பது அது. வேறெந்தப் பிரிவும் அகப்படாதபோது மனுவின் தலைப்பில் 839 வந்து உட்கார்ந்துவிடுவதை நீதிமன்றப் பதிவேடுகளைப் புரட்டியவர்கள் அறிவர். அப்பிரிவு இருக்கும் அதிகாரத்தைக் காக்கிறதே ஒழிய, முடிந்த வழக்கில் தண்டிக்கும் புதிய அதிகாரத்தைப் பிறப்பிப்பதில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1990இல் கூட்டர் அண்ட் கெல் வழக்கில், வழக்கு விலக்கிக்கொள்ளப்பட்ட பின்னும் ஆதாரமற்ற வழக்குரை தாக்கல் செய்ததற்காகத் தண்டிக்கலாம் என்றது. ஆயினும் அது வெளிப்படையான ஒரு நடைமுறை விதியின் மேல் நின்ற முடிவு. அதே நாட்டின் டெக்சாஸ் மாநில நீதிமன்றங்களிலோ, தீர்ப்பில் கையொப்பமிட்டு 30 நாட்கள் கடந்து, அக்காலம் முறைப்படி நீட்டப்படாமலும் இருந்தால், அதன்பின் இடப்படும் தண்டக் கட்டளை செல்லாது. பொய்ச் சத்தியக்கடதாசி என்பது மெய்யானால் அது தண்டனைச் சட்டக்கோவையின் கீழான குற்றம்; அதற்குச் சட்டமா அதிபரின் முன்னனுமதியோ அந்த நீதிமன்றத்தின் முறைப்பாடோ பெற்றுக் குற்றவியல் நீதிமன்றத்துக்குப் போவதே வழி.

வேலியின் கதை வேறு. டிக்கிரியை நிறைவேற்றுவிக்கும் அதிகாரம் தீர்ப்போடு முடிவதில்லை. தடையுத்தரவு வழங்கும் டிக்கிரி தவிர்ந்தவற்றை குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 337ஆம் பிரிவின்படி 10 ஆண்டுகளுக்குள் நிறைவேற்றக் கோரலாம் என்பதும், ஓராண்டு கடந்திருந்தால் எதிர்த்தரப்புக்கு முதலில் அறிவித்தல் சேர்ப்பிக்க வேண்டும் என்பதும் விதி. எனவே டிக்கிரியின் சான்றுறுதிப் பிரதியைக் கையில் எடுத்து, அதன் சொற்களைப் பார்ப்பது முதல் வேலை. வழியுரிமை உண்டு என்று மட்டும் பிரகடனம் செய்திருந்தால் அதை நிறைவேற்ற எழுத்தாணை கிடைப்பது அரிது. வழியை மறிக்கக் கூடாது என்ற தடையும் அதில் இருந்தால், வேலி அடித்தவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். அவமதிப்பைப் பொறுத்தவரை, 1978ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, தன் முன்னிலையில் நிகழ்ந்ததையும், தன் நடவடிக்கையின்போது நிகழ்ந்து அவமதிப்பாகத் தண்டிக்கத்தக்கதெனச் சட்டம் சொன்னதையுமே மாவட்ட நீதிமன்றத்திடம் விடுகிறது. கீழ் நீதிமன்றங்களுக்கு எதிரான அவமதிப்பைத் தண்டிக்கும் அதிகாரத்தை அரசியலமைப்பின் 105(3)ஆம் உறுப்புரை மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அளித்துள்ளது. நீதிமன்ற அவமதிப்புக்கென 2024இல் தனிச் சட்டமும் வந்துவிட்டதால், அதன் நடைமுறையோடு ஒப்பிட்டும் மனுவைச் சோதிக்க வேண்டும்.

தடை இருந்தால், அறிவித்தலில் குறித்த தவணைக்கு முன்னரே வேலியை அகற்றி, அகற்றியதைப் படம் பிடித்து வைப்பது வாசகருக்கு நல்லது. தவணையன்று மன்றுக்குப் போகாமல் இருக்கக் கூடாது. நியாயாதிக்க ஆட்சேபனையை முதல் வாய்ப்பிலேயே எழுப்பாமல் நடவடிக்கையில் கலந்துகொண்டவர் பின்னர் அதை எழுப்ப முடியாதபடி அதே நீதித்துறைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு தடுக்கக்கூடும் என்பதால், சத்தியக்கடதாசி பற்றிய கோரிக்கைக்கு எதிரான ஆட்சேபனையே சட்டத்தரணி கொடுக்கும் எழுத்துமூலப் பதிலின் முதற் பந்தியாக அமைய வேண்டும்.