சைவ விருந்துச் சமையலை எங்கே கற்பது? கலும்பாங்கிலிருந்து ஒரு கணக்கு

புரட்டாசி பிறந்தால் கலும்பாங் பக்கம் சைவச் சமையலுக்கு ஆள் தேடத் தொடங்கிவிடுவார்கள். சனிக்கிழமைப் படையல், கோயில் அன்னதானம், துக்க வீட்டுச் சாப்பாடு என்று வேலை அடுத்தடுத்து வரும். வீட்டில் ஐந்து பேருக்குச் சமைப்பவர் முந்நூறு இலைக்குச் சமைக்கக் கற்க வேண்டுமானால் எங்கே போவது?

சைவ விருந்தில் பாதி வேலைதான் சமையல். மீதிப் பாதி, சேரக் கூடாதது சேராமல் காப்பது. யூதர்களின் கோஷர் அடுப்படியில் இறைச்சிக்கும் பாலுக்கும் தனித்தனிப் பாத்திரங்கள் உண்டு. கீரையில் பூச்சி இருக்கிறதா என்று பார்க்கவும் கண்காணிப்பாளர் இருப்பார். நமக்கு அப்படி யாரும் இல்லை, ஆனால் ஆபத்து நிறைய இருக்கிறது. மீகூன் பிரட்டலில் சிப்பி சாஸ், சம்பலில் பெலாச்சானும் நெத்திலியும், சில மஞ்சள் மீயில் முட்டை. சீனக் கடையில் 'சைவம்' என்று வாங்கும் போலி இறைச்சியிலும் சிலவற்றில் முட்டை வெள்ளை இருக்கும். எனவே எந்த வகுப்பு எத்தனை பதார்த்தம் சொல்லித்தருகிறது என்பதைவிட, இந்த ஒழுக்கத்தைச் சொல்லித்தருகிறதா என்பதையே பார்க்க வேண்டும்.

அந்த வகையில் கோயில் சமையலுக்கு ஈடு எதுவும் இல்லை. செலவு கிடையாது; அண்டாவும் அடுப்பும் தயாராக இருக்கும். திருவிழா சமயத்தில் காய் நறுக்கப் போனால், மறுமுறை சாம்பார் அண்டாவைக் கிளறச் சொல்வார்கள். நூறு பேருக்குப் பத்து கிலோ அரிசி என்ற கணக்கு எங்கே பிசகும் என்பது அங்கே கண்ணுக்குத் தெரியும்: மத்தியானம் ஒரு மணிக்குப் பந்தி நீண்டால் பிசகும். உப்பும் புளியும் அளவைப் பெருக்கியபடி ஏறாது என்பதும் கையில் பட்டால்தான் விளங்கும். குறை ஒன்று உண்டு: யாரும் உட்கார்ந்து விளக்க மாட்டார்கள். "பாத்துக்கோம்மா" என்பதுதான் பாடம். திருவிழா இல்லாத மாதங்களில் அந்தப் பாடமும் இல்லை.

கேட்டரிங்காரரிடம் உதவிக்குச் சேர்வது அடுத்த வழி. கையில் நாலு வெள்ளி வரும், வேகமும் வரும். ஆனால் பலர் ஒரே குவாலியில் கோழி வறுத்துவிட்டு, கழுவி, அடுத்த நாள் கூட்டு வைப்பவர்கள். சைவத்துக்கென்று தனிப் பாத்திரம் வைத்திருப்பவரிடம் மட்டும் போகலாம் என்பேன்.

காசு கட்டிப் படிக்கும் வகுப்புக்குக் கோலாலம்பூர்தான் போக வேண்டும். கலும்பாங்கில் கொமுட்டர் நிற்காது. தஞ்சோங் மாலிம் போய் ஏறினால் கேஎல் சென்ட்ரல் சேர ஏறத்தாழ இரண்டு மணி நேரம். இறங்கினால் பிரிக்ஃபீல்ட்ஸ். சாம்பாருக்காக இவ்வளவு தூரம் போக வேண்டாம். மைசூர் பாகு, ஜாங்கிரி, அதிரசம் இவற்றுக்குப் போகலாம். பாகு ஒரு கம்பியா இரண்டு கம்பியா என்பதை ஒருவர் தம் விரலால் காட்டி, நம் விரலையும் தொடச் சொன்னால்தான் பிடிபடும். ஆசிரியர் செய்ய, இருபது பேர் சுற்றி நின்று கைப்பேசியில் படம் எடுக்கும் வகுப்பென்றால் பணத்தைச் சேமித்துவிடலாம்.

நான்காவது, சான்றிதழ் வழி. கொலேஜ் கொமுனிட்டிகளின் குறுகிய கால வகுப்புகளுக்குக் கட்டணம் குறைவு. ரொட்டி, கேக் அங்கே அதிகம். எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழ், ஹோட்டலில் வேலை தேடும் பிள்ளைகளுக்குப் பயன்படும். அந்த அடுப்படிகள் ஹலால், ஆனால் சைவம் அல்ல: பன்றி இருக்காது, மாடும் கோழியும் இருக்கும். அதை மனம் ஏற்குமா என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

என் தேர்வு: இந்தப் புரட்டாசிக்குக் கோயில், பிறகு இனிப்புக்கு மட்டும் ஒரு வகுப்பு. விற்கத் தொடங்கும்போது 2009ஆம் ஆண்டு உணவுத் தூய்மை விதிகள் கேட்கும் உணவு கையாளுநர் பயிற்சியையும் டைஃபாய்டு ஊசியையும் முடித்துவிட வேண்டும். சில மணி நேரப் பயிற்சிதான். தள்ளிப்போடுவோர்தான் அதிகம்.

எந்த வகுப்பில் சேர்வதானாலும் பணம் கட்டுமுன் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்தப் பலகையில் இதற்கு முன் என்ன நறுக்கினீர்கள்? கரண்டி என் கையில் எவ்வளவு நேரம் இருக்கும்?