பக்கவாதம் ஒன்று, மருந்து இரண்டு

கேள்வி: என் தமையனாருக்கும் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கும் மூளை இரத்தக் குழாய் அடைத்துப் பக்கவாதம் வந்தது. இருவருக்கும் வெவ்வேறு மருந்து கொடுக்கிறார்களே, ஏன்?

பதில்: சி.டி. படம் எடுத்து, இரத்தக் கசிவு இல்லையென நிச்சயித்தபின், நோய் கண்ட 4½ மணி நேரத்திற்குள் தகுதியுடையோர்க்கு உறைகட்டியைக் கரைக்கும் ஊசி போடுவதும், பெருநாளம் அடைபட்டிருப்பின் நுண்குழாய் செலுத்திக் கட்டியை எடுப்பதும் ஆரம்ப சிகிச்சை; அதற்குப் பின்னரோ, அக்கட்டி எங்கே பிறந்தது என்ற விசாரணையே வைத்தியத்தின் ஜீவநாடியாகிறது. இருதயத்தின் மேலறைகள் தாளந்தவறித் துடிப்பதால் அங்கே தேங்கிய இரத்தம் உறைந்து மூளைக்கு ஏறியிருந்தால், ஆஸ்பிரின் மட்டும் போதாது. வார்ஃபரின், அபிக்ஸபான் போன்ற உறைவுத் தடுப்பு மருந்து அவசியம், அதையும் மூளையில் சேதம் பெரிதாயின் சில தினங்கள் பொறுத்தே தொடங்குவர். கழுத்துத் தமனி கொழுப்புப் படிந்து மிகக் குறுகியிருந்தால், பாதிப்பு லேசானவர்க்கு இயன்றவரை 2 வாரத்திற்குள் சஸ்திர சிகிச்சை செய்வது உத்தமம். நுண்ணாளங்களின் நோயாயின் ஆஸ்பிரினும் இரத்த அழுத்தக் கட்டுப்பாடும் பிரதானம். ஆகவே ஒருவர் மருந்தை மற்றவர் வாங்கி விழுங்குவது, தயவுசெய்து கேளுங்கள், பிராணாபத்து. காரணம் புலப்படாதவர்க்குப் பல நாட்கள் இருதயத் துடிப்பைப் பதிவுசெய்து பார்ப்பதுண்டு. தமையனாருக்கு அது வேண்டுமா என்று மருத்துவரிடம் விசாரியுங்கள்.